பழைய ஃபுல் ஃப்ரேமா, புது ஏபிஎஸ்-சியா: நாய்ஸையும் ஆட்டோஃபோகஸையும் எப்படி எடை போடறது

புது கேமரா எடுக்கணும்னு தேட ஆரம்பிக்கிறவங்க நிறைய பேரு கடைசில வந்து நிக்கிறது இந்த ஒரு இடத்துலதான். கையில இருக்கற காசுக்கு ரெண்டு வழி தெரியும். ஒண்ணு, சில வருஷம் முன்னாடி வந்த ஃபுல் ஃப்ரேம், அதாவது படம் பதியற சென்சார் பெரிசா இருக்கற கேமரா, செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும், இருட்டுல நாய்ஸ் (படத்துல மணல் மாதிரி வர்ற புள்ளிங்க) கம்மின்னு நல்ல பேரு. இன்னொண்ணு, இப்ப வந்த ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத கேமரா), சென்சார் சின்னது, ஆனா அதோட ஆட்டோஃபோகஸ் ஒரு தடவ கண்ண புடிச்சுதுன்னா ஆள் முகத்த திருப்பிட்டு நடந்து போனாலும் விடாது. பேரு சொல்லியே பேசணும்னா 2014ல வந்த நிக்கான் டி750யும் 2023ல வந்த சோனி ஏ6700யும் பக்கத்துல பக்கத்துல வச்சு யோசிங்க. முதல்ல சொன்னது 24 மெகாபிக்சல், 51 ஃபோகஸ் பாயிண்ட், அத்தனையும் ஃப்ரேமோட நடுவுலயே நெருங்கி இருக்கும். ரெண்டாவது 26 மெகாபிக்சல், 759 பாயிண்ட், ஃப்ரேம்ல 93 சதவீதத்துக்கு பரவி இருக்கும்.

என் பதில முன்னாடியே சொல்லிடறேன். குழந்தைங்க, விசேஷம், மேடை, விளையாட்டு, பறவைன்னு அசையுற எதையாவது எடுக்கறவங்களா இருந்தா ஃபோகஸ் நல்லா இருக்கற பாடியத்தான் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) எடுக்கணும். நாய்ஸ் இருக்கற படத்த பின்னாடி உக்காந்து ஓரளவு சரி பண்ணிடலாம், ஃபோகஸ் தப்பின படம் போனது போனதுதான். ஆனா இத அப்படியே எல்லாருக்கும் சொல்லிட முடியாது, ஏன்னா நாய்ஸும் ஃபோகஸும் தனித்தனி விஷயம் மாதிரி பேசறோமே தவிர உள்ள போயி பாத்தா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கு, அதத்தான் கொஞ்சம் நிதானமா பாக்கலாம்னு இருக்கேன்.

முதல்ல நாய்ஸ். ஐஎஸ்ஓ (படத்த எவ்வளவு தூக்கி வெளிச்சமாக்கணும்ங்கற செட்டிங்) ஏத்தினா நாய்ஸ் வரும்னு எல்லாரும் சொல்றோம், ஆனா உண்மையான காரணம் வெளிச்சம் பத்தாததுதான். வெளிச்சம் ஃபோட்டான்ங்கற துகள் துகளா வந்து விழுது, அது ஒரே சீரா விழாது, மழைத்துளி விழற மாதிரி இங்க ரெண்டு அங்க நாலுன்னு விழும். ஒரு பிக்சலுக்கு சராசரியா 100 ஃபோட்டான் வந்தா ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 சதவீதம். 10,000 வந்தா ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு. சென்சாரோட சொந்த இரைச்சல்னு ஒண்ணு தனியா இருக்கு, அது ரொம்ப இருண்ட நிழல்லதான் பெரிசா தெரியும். மத்த இடத்துலல்லாம் எவ்வளவு வெளிச்சம் புடிச்சோம்ங்கறதுதான் நாய்ஸ முடிவு பண்ணுது.

இங்கதான் சென்சார் சைஸ் வருது. ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24 மில்லிமீட்டர், பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி சுமார் 23.5க்கு 15.6, பரப்பு கிட்டத்தட்ட 367. இன்னும் சின்ன சென்சார் வகையான மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் 17.3க்கு 13, அது 225 வரும். ஃபுல் ஃப்ரேமுக்கு ஏபிஎஸ்-சிய விட 2.35 மடங்கு வெளிச்சம், ஸ்டாப் கணக்குல (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) 1.2. மைக்ரோ ஃபோர் தர்ட்ஸோட வச்சு பாத்தா கிட்டத்தட்ட 2 ஸ்டாப். ஒரே அபெர்ச்சர் (லென்ஸோட திறப்பு), ஒரே ஷட்டர் ஸ்பீடு வச்சா ஃபுல் ஃப்ரேம்ல 6400 ஐஎஸ்ஓல வர்ற படம் ஏபிஎஸ்-சில சுமார் 2700ல வர்ற மாதிரி இருக்கும். நல்ல வித்தியாசம்தான், இல்லன்னு சொல்லல.

ஆனா அந்த "ஒரே அபெர்ச்சர்"ங்கறத கவனிங்க. அபெர்ச்சர எஃப் நம்பர்ல சொல்லுவாங்க, நம்பர் சின்னதா இருந்தா திறப்பு பெரிசு. காசு முழுசும் பாடிக்கே போயிடுச்சுன்னு ஃபுல் ஃப்ரேம்ல எஃப் 4 ஜூம் மாட்டிட்டு, இந்தப் பக்கம் ஏபிஎஸ்-சில எஃப் 1.4 ப்ரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) மாட்டினா, லென்ஸ்ல மட்டும் 8 மடங்கு வெளிச்ச வித்தியாசம். சென்சார் சைஸ்ல தோத்தத கழிச்சாலும் ஏபிஎஸ்-சி ஒண்ணரை ஸ்டாப்புக்கு மேல முன்னாடி நிக்கும். அதனால பாடிய மட்டும் தனியா வச்சு நாய்ஸ் ஒப்பிடறதுல அர்த்தமே இல்ல, நீங்க மாட்டப்போற லென்ஸோட சேத்துத்தான் ஒப்பிடணும்.

இன்னொரு விஷயம், ஒரே சைஸ் சென்சார்ங்களுக்குள்ள பழசு புதுசு வித்தியாசம் ரொம்ப சின்னது. பத்து வருஷம் முன்னாடி வந்த நல்ல ஃபுல் ஃப்ரேமையும் இன்னிக்கு வர்றதையும் ஹை ஐஎஸ்ஓல ஒரே சைஸுக்கு கொண்டு வந்து பாத்தா கண்ணுக்கு பளிச்சுனு தெரியற மாதிரி பெரிய தாவல் எதுவும் இல்ல, ஏன்னா விழற வெளிச்சத்துல பெரும்பகுதிய சென்சார்ங்க அப்பவே புடிக்க ஆரம்பிச்சாச்சு. அதே காலத்துல ஆட்டோஃபோகஸ் எங்கயோ போயிடுச்சு. முகம், கண், மிருகம், பறவை, வண்டின்னு தனித்தனியா அடையாளம் கண்டு தொடர்றது எல்லாம் இந்தக் காலத்துல வளந்து நிலைச்சதுதான்.

நாய்ஸ ஒப்பிடறப்போ ஜனங்க மாட்டிக்கிற இடங்கள் சிலது இருக்கு. பெரிய ஏமாத்து 100 சதவீத ஜூம். 24 மெகாபிக்சல் படத்தையும் 61 மெகாபிக்சல் படத்தையும் ரெண்டையும் 100 சதவீதத்துல திறந்து வச்சா 61தான் மோசமா தெரியும். தெரியாம என்ன பண்ணும், ஒவ்வொரு பிக்சலும் சின்னது, நீங்க பாக்கறதும் படத்தோட ரொம்ப சின்ன துண்டு. 61 மெகாபிக்சல்னா அகலத்துல 9504 பிக்சல், 24ன்னா 6000. பெரிய படத்த 6000க்கு சுருக்கிட்டு பாருங்க, ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கும். பிரிண்ட் போட்டாலும் ஸ்க்ரீன்ல பாத்தாலும் கடைசில நாம பாக்கறது ஒரே சைஸ்லதானே.

அடுத்தது ஜேபெக். கேமரா தானாவே நாய்ஸ வழிச்சு எடுத்துட்டு குடுக்கற படம் அது, அதுல நாய்ஸ் கம்மியா இருந்தா சென்சார் நல்லதுன்னு அர்த்தம் இல்ல, வழிச்சது அதிகம்னு அர்த்தமாவும் இருக்கலாம். ரெண்டு கேமராலயும் ரா ஃபைலா (கேமரா எதையும் வழிக்காம அப்படியே குடுக்கறது) எடுங்க, ரெண்டையும் ஒரே சாஃப்ட்வேர்ல திறந்து நாய்ஸ் ரிடக்‌ஷன பூஜ்யத்துல வைங்க. ஐஎஸ்ஓ நம்பர நம்பி ஒப்பிடாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி அதுக்கு அளவு கொஞ்சம் மாறும். மேனுவல்ல போட்டு ரெண்டுலயும் ஒரே ஷட்டர், ஒரே அபெர்ச்சர் வச்சு எடுத்துட்டு வெளிச்சத்த ஸ்க்ரீன்ல சமப்படுத்திக்கங்க.

எங்க பாக்கணும்னு கேட்டா, வெளிச்சமான இடத்த விட்டுடுங்க. தலைமுடி, கறுப்புத் துணியோட மடிப்பு, கழுத்துக்குக் கீழ விழற நிழல், இந்த மூணுல பாத்தா போதும். மணல் தூவின மாதிரி சீரா இருக்கற நாய்ஸ் கண்ண உறுத்தாது, பிரிண்ட்ல காணாமலே போயிடும். பச்சையும் ஊதாவுமா திட்டுத்திட்டா வர்ற கலர் நாய்ஸும், கோடு கோடா வர்றதும்தான் படத்த கெடுக்கும். டெஸ்ட்டுக்கு மஞ்சள் பல்பு வெளிச்சத்த எடுத்துக்கங்க, 2700 கெல்வின் பல்புல நீல வெளிச்சம் ரொம்பக் கம்மி, கேமரா ஒயிட் பேலன்ஸ (வெள்ளைய வெள்ளையா காட்டறத) சரி பண்ண நீலச் சேனல இழுத்து ஏத்தும், அதோட சேந்து நாய்ஸும் ஏறும். பகல் வெளிச்சத்துல அதே ஐஎஸ்ஓல சுத்தமா இருந்த முகம் வீட்டு பல்புல கன்னத்துல திட்டு விழுந்து வர்றது இதனாலதான். பகல்ல ஜன்னலோரம் எடுத்த டெஸ்ட் படத்த பாத்து ராத்திரிக்கு தீர்ப்பு சொல்லிடாதீங்க.

எலக்ட்ரானிக் ஷட்டரையும் (திரை அசையாம சென்சார மட்டும் வச்சு எடுக்கறது) ஒரு தடவ சோதிங்க. பல பாடிங்கள்ல அதுல எடுத்தா, முக்கியமா வேகமா தொடர்ந்து எடுத்தா, ரா ஃபைலோட பிட் (வெளிச்சத்த எவ்வளவு நுணுக்கமா பதியுதுங்கறது) 14லருந்து 12க்கு இறங்கும், நிழல ஏத்தினா நாய்ஸ் கூட தெரியும். வேகத்துக்கு விலை குடுத்துத்தான் ஆகணும்ங்கறது சென்சார் அமைப்புலயே இருக்கு. 2023ல அறிவிச்ச சோனி ஏ9 III குளோபல் ஷட்டரோட (மொத்த சென்சாரும் ஒரே நேரத்துல பதியறது) வந்துச்சு, அதோட பேஸ் ஐஎஸ்ஓ, அதாவது ஆரம்ப ஐஎஸ்ஓ, 100 கெடையாது, 250. 2024ல வந்த நிக்கான் இசட்6 III பாதி ஸ்டாக்டு சென்சார் (வேகமா படிக்க சர்க்யூட்ட ஓரளவு அடுக்கினது), படிக்கிற வேகம் நல்லா ஏறிச்சு, அதுக்கு பதிலா லோ ஐஎஸ்ஓல நிழல ரொம்ப தூக்கினா முந்தைய மாடல விட கொஞ்சம் கூடவே நாய்ஸ் வருது. இந்த ரெண்டுமே ஆட்டம், ஓட்டம் எடுக்கறவங்களுக்கு நல்ல பேரம். மலையும் மேகமும் எடுக்கறவங்களுக்கு அப்படி இல்ல.

இப்ப ஃபோகஸுக்கு வருவோம். ஸ்பெக் ஷீட்ல "மைனஸ் இத்தன ஈவி வரைக்கும் ஃபோகஸ் ஆகும்"னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க (ஈவிங்கறது வெளிச்சத்தோட அளவு, மைனஸ் கூடக்கூட இருட்டு), அத நேரா ஒப்பிட்டீங்கன்னா தப்பாப் போயிடும். கேனான் ஆர்6க்கு மைனஸ் 6.5 போட்டிருக்கும், சோனி ஏ7 IVக்கு மைனஸ் 4. ரெண்டரை ஸ்டாப் வித்தியாசம்னு தோணும். கேனான் அளந்தது எஃப் 1.2 லென்ஸ்ல, சோனி அளந்தது எஃப் 2ல, அதுலயே ஒண்ணரை ஸ்டாப் கரைஞ்சு போச்சு. மிச்சம் இருக்கறதும் நடுப்பாயிண்ட்ல, அசையாத பொருள்ல, ஒரு தடவ ஃபோகஸ் பண்றதுக்கான கணக்குதான். மங்கலான ஹால்ல ஓடி வர்ற குழந்தைய பத்தி அந்த நம்பர் ஒண்ணுமே சொல்லல.

ஸ்க்ரீன்ல பச்சைக் கட்டம் கண்ணு மேல ஒட்டிக்கிட்டு இருக்கறத பாத்துட்டு "ஆஹா"ன்னு சொல்லிடறோம். கட்டம் அங்க இருக்குன்னா கண்ணு எங்க இருக்குன்னு கேமராவுக்குத் தெரியும்ங்கறது மட்டும்தான் உறுதி, லென்ஸ் அந்த தூரத்துக்குப் போய் சேந்துடுச்சுன்னு உறுதி இல்ல. தொடர் ஃபோகஸ் மோடுல நிறைய கேமராங்க ரிலீஸ் ப்ரையாரிட்டில வரும், அதாவது ஃபோகஸ் ஆச்சோ இல்லையோ பட்டன அமுக்கினா படம் எடுத்துடும். அந்த செட்டிங்க ரெண்டு கேமராலயும் ஒரே மாதிரி வச்சுட்டுத்தான் ஒப்பிடணும், இல்லன்னா ஒண்ணு வேகமாவும் இன்னொண்ணு துல்லியமாவும் தெரியும், ரெண்டுமே பொய்.

நான் சொல்ற டெஸ்ட் இதுதான். சாயங்காலம் வீட்டு லைட் போட்டதுக்கு அப்புறம் ஒருத்தர உங்கள நோக்கி சாதாரண வேகத்துல நடந்து வரச்சொல்லுங்க, பின்னாடி ஒரு ஜன்னலோ விளக்கோ இருக்கட்டும். லென்ஸ அகலத் திறந்து வைங்க. ஷட்டர் 500ல ஒண்ணுக்குக் கீழ போக வேண்டாம். வர்றவர் பாதி வழியில முகத்த ஒரு தடவ பக்கவாட்டுல திருப்பட்டும், கண்ணாடி போட்டவரா இருந்தா இன்னும் நல்லது. பர்ஸ்ட்ல, அதாவது பட்டன விடாம தொடர்ச்சியா, எடுத்துத் தள்ளிட்டு கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா கண்ண பெரிசாக்கி பாருங்க. கேமரா பின்னாடி இருக்கற ஸ்க்ரீன்ல பாத்தா எல்லாமே ஷார்ப்பாத்தான் தெரியும்.

மங்கலா இருக்கற ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் காரணத்தப் பிரிச்சுப் பாக்கணும், இங்கதான் நிறைய பேரு கேமராவ அநியாயமா குத்தம் சொல்றாங்க. கண் இமை மங்கி, அதே படத்துல காதோ தோள்பட்டைத் தையலோ பின்னாடி இருக்கற கதவோ கூர்மையா இருந்தா ஃபோகஸ் பின்னாடி போயிருக்கு. மூக்கு நுனி கூர்மையா இருந்து கண்ணு மங்கினா முன்னாடி வந்திருக்கு. ஆளு மட்டும் ஒரு திசையில இழுத்த மாதிரி இருந்தா அது அசைவு, ஷட்டர் பத்தல. எல்லாமே ஒரே பக்கமா இழுத்திருந்தா உங்க கை. மொதல் ரெண்ட மட்டும்தான் ஃபோகஸ் கணக்குல சேக்கணும். எத்தனைக்கு எத்தனை சரியா வந்துச்சுங்கறதோட, தப்பினது எப்படி தப்பினதுன்னும் பாருங்க. நடுவுல ஒரு ஃப்ரேம் தப்பி அடுத்த ஃப்ரேம்ல திரும்பி வந்துட்டா பரவால்ல, ஒரு தடவ பின்னாடி ஜன்னலுக்குப் போயிட்டு பர்ஸ்ட் முடியற வரைக்கும் அங்கயே உக்காந்துட்டா அது பெரிய குறை.

இன்னொரு சின்ன சோதனை, ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஜன்னல் ப்ளைண்ட்ஸ் மாதிரி வெறும் படுக்கைக்கோடா இருக்கற எதையாவது ஃபோகஸ் பண்ணிப் பாருங்க, அப்புறம் கேமராவ நிமித்திப் புடிச்சு அதையே திரும்பப் பண்ணுங்க. சென்சார் மேல ஃபோகஸ் அளக்க இருக்கற ஃபேஸ் டிடெக்ட் பிக்சல்கள் பெரும்பாலான பாடிங்கள்ல ஒரு திசைக்கோட்டத்தான் நல்லா படிக்கும், அதனால ஒரு பிடியில தடுமாறிட்டு இன்னொரு பிடியில டக்குனு பிடிக்கும். 2022ல வந்த ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1, 2024ல வந்த கேனான் ஆர்1 இதெல்லாம் ரெண்டு திசையும் படிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க. லென்ஸ் மோட்டாரும் இதுல பாதிப் பங்கு, பழைய மெதுவான லென்ஸ மாட்டிட்டு பாடிய திட்டறது நியாயம் இல்ல.

சரி, ரெண்டும் பின்னிக்கிட்டு இருக்குன்னு சொன்னேனே, அது இதுதான். எஃப் 1.8லருந்து எஃப் 2.8க்கு மூடினா போற வெளிச்சம் 2.4 மடங்கு. ஃபுல் ஃப்ரேமுக்கு ஏபிஎஸ்-சி மேல இருக்கற லாபம் 2.35 மடங்கு. ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே ஃப்ரேமிங்ல ஃபுல் ஃப்ரேம் எஃப் 2.8ல எடுத்ததும் ஏபிஎஸ்-சி எஃப் 1.8ல எடுத்ததும் நாய்ஸ்லயும் ஒண்ணு, ஃபோகஸ் ஆழத்துலயும் (முன்ன பின்ன எவ்வளவு தூரம் கூர்மையா தெரியும்ங்கறது) ஒண்ணு. ஃபுல் ஃப்ரேமோட லாபம் கைக்கு வரணும்னா அதையும் 1.8ல திறந்து வச்சு எடுத்தாகணும். 85 எம்எம் லென்ஸ், எஃப் 1.8, ஆள் 2 மீட்டர்ல நின்னா ஃபோகஸ் ஆழம் மொத்தமே சுமார் 6 சென்டிமீட்டர், பெரிசாக்கி பாத்தா அதையும் விடக் கம்மி. அசையுற ஆளுக்கு அந்த 6 சென்டிமீட்டர விடாம புடிக்கறது எந்த ஆட்டோஃபோகஸால முடியும்ங்கறதுதான் கேள்வி. டி750 மாதிரி பழைய டிஎஸ்எல்ஆர்ல (உள்ள கண்ணாடி வச்ச கேமரா) ஃபோகஸ் அளக்கற பகுதி சென்சார்ல இல்ல, தனியா அடியில இருக்கு, லென்ஸுக்கு லென்ஸ் முன்ன பின்ன போகும், ஒவ்வொண்ணுக்கும் ட்யூன் பண்ணணும். பாயிண்ட் எல்லாம் நடுவுல இருக்கறதால கண்ண புடிச்சுட்டு ஃப்ரேம நகத்துவோம், அந்த நகத்தல்லயே சில சென்டிமீட்டர் போயிடும். இதுக்கு பயந்து எல்லாரும் என்ன பண்றாங்க, பாதுகாப்பா 2.8ன்னு மூடிக்கிறாங்க. மூடின அந்த நிமிஷமே பெரிய சென்சாருக்குக் குடுத்த காசு போச்சு. ஃபோகஸ் நம்பிக்கையா இருந்தா தைரியமா திறந்து எடுக்கலாம், திறந்து எடுத்தா நாய்ஸ் தானா கொறையும். நல்ல ஆட்டோஃபோகஸ் நாய்ஸையும் கொறைக்குதுன்னு நான் அடிச்சு சொல்றது இதனாலதான்.

இதோட சாஃப்ட்வேர் வேற வந்தாச்சு. டிஎக்ஸ்ஓ கம்பெனியோட நாய்ஸ் எடுக்கற டீப்பிரைம் 2020ல வந்துச்சு, லைட்ரூம்ல ஏஐ டீநாய்ஸ் 2023ல. ரா ஃபைல போட்டா 6400, 12800 எல்லாம் நம்ப முடியாத அளவுக்கு சுத்தமா வருது, மேடை படம் எடுக்கறவங்களுக்கு இது பெரிய வரம். எல்லை உண்டு, கூட்டத்துல தூரமா இருக்கற சின்ன முகங்கள்ல இல்லாத மூக்கு வாய வரைஞ்சு வைக்கும், முடிய பெயிண்ட் அடிச்ச மாதிரி ஆக்கும். எடுத்த கையோட ஜேபெக் அனுப்பியே ஆகணும்ங்கற வேலையில இருக்கறவங்களுக்கும் இது உதவாது, அவங்க கேமராவோட நேரடி ஜேபெக்கத்தான் சோதிக்கணும். இன்னொண்ணு, ஃபோகஸ் ஃபர்ம்வேர்ல, அதாவது கேமராவுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேரோட அப்டேட்ல, வளரும். சோனி ஏ9க்கு 2019ல வந்த ஃபர்ம்வேர் டிராக்கிங்க புது கேமரா மாதிரி மாத்திடுச்சு. நாய்ஸுக்கு அப்படி ஒண்ணு வராது, சென்சார் என்னவோ அதான்.

பழைய ஃபுல் ஃப்ரேம் யாருக்குன்னா, ராத்திரி வானம் எடுக்கறவங்க, ட்ரைபாட்ல நிலக்காட்சி எடுக்கறவங்க, ஸ்டுடியோல பொருள் எடுக்கறவங்க, இவங்களுக்கு நான் யோசிக்காம அதத்தான் சொல்லுவேன். நட்சத்திரத்துக்கு எந்த ஆட்டோஃபோகஸும் பெரிசா வேண்டியதில்ல, கையாலயே திருப்பி பெரிசாக்கிப் பாத்து வச்சுடலாம், அங்க ஒவ்வொரு ஃபோட்டானும் கணக்கு. வீடியோ முக்கியம்னா பேச்சே இல்ல, புதுசுதான், ஏன்னா வீடியோல நடுவுல ஃபோகஸ் தடுமாறினா அந்த ஃப்ரேம மட்டும் தூக்கிப் போட முடியாது. பறவைக்கும் புதுசுதான், அதுலயும் ஏபிஎஸ்-சி சென்சார் சின்னதா இருக்கறதால அதே லென்ஸ்ல தூரப் பறவை ஃப்ரேம்ல பெரிசா வரும். குடும்பப் படம் மட்டும் எடுக்கறேன், எல்லாரும் நின்னு போஸ் குடுப்பாங்கன்னா ரெண்டுல எதுவும் நல்லா இருக்கும், கையில பிடிக்க எது வசதியோ அத எடுத்துக்கங்க.

நடுவுல நிக்கறவங்க, கொஞ்சம் ஆளு கொஞ்சம் இயற்கைன்னு எடுக்கறவங்க, போன வருஷத்துப் படங்கள ஒரு தடவ திறந்து நீங்க வேண்டாம்னு ஒதுக்கினத மட்டும் பாருங்க. எதனால ஒதுக்கினீங்க? நாய்ஸ்னால ஒதுக்கினது நிறைய இருந்தா முதல்ல எஃப் 1.8 ப்ரைம் ஒண்ணு வாங்கிப் பாருங்க, பாடியே மாத்தத் தேவைப்படாம போகலாம். ஃபோகஸ்னால ஒதுக்கினது நிறைய இருந்தா புது பாடிய ஒரு சாயங்காலத்துக்கு வாடகைக்கு எடுத்து மேல சொன்ன நடை டெஸ்ட்ட உங்க பழைய கேமராவோட சேத்துப் பண்ணுங்க, அதே லைட், அதே ஆளு. பழைய லென்ஸ்ங்கள அடாப்டர் போட்டு ஓட்டலாம்னு நினைச்சிருந்தா அந்த அடாப்டரோடயே டெஸ்ட் பண்ணுங்க, சில லென்ஸ்ங்க அடாப்டர்ல ஒழுங்கா தொடரும், சிலது ஆட்டோஃபோகஸே இல்லாம போயிடும்.